சுவரில் இருப்பவள்

என் படத்துக்கு இன்றைக்கும் பொட்டு இருக்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் சரளா அக்கா கடையைக் கழுவிவிட்டு எல்லாப் படங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார், முதலில் லட்சுமிக்கு, பிறகு இந்த மருந்துக் கடையைத் தொடங்கி நடத்தி இறந்துபோன தன் மாமனாருக்கு, பிறகு அதே கை அதே வேகத்தில் பக்கத்துச் சட்டத்துக்கும் போய்விடும், அந்தச் சட்டத்தில் இருப்பது நான். ஆ. ஆரோக்கிய அமலி, பதிவு பெற்ற மருந்தாளுநர். மேலே சான்றிதழ், கீழே என் முகம். முகத்தைப் பெரிதாக்கிப் போடச் சொன்னது அப்பா. சான்றிதழில் இருக்கிற அளவுக்குப் போட்டால் தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அவரே ஸ்டுடியோவுக்குப் போய், கல்லூரியில் சேர்ந்த வருடம் எடுத்த படத்தைப் பெரிது பண்ணிக்கொண்டு வந்தார். நாங்கள் பொட்டு வைக்காத வீடு, ஞாயிறு பூசைக்குப் போகிற வீடு, அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று முதல் தடவை தோன்றியது, இப்போது அது தோன்றுவதில்லை, இப்போது தோன்றுவது வேறு. மாமனார் படத்து மாலை கொஞ்சம் நீளம், அதன் ஒரு முனை என் சட்டத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. கீழே எரிகிற சிவப்பு பல்பு இரண்டு பேருக்கும் பொதுவாக எரிகிறது. நான் கடைக்கு வெளியே, படிக்குக் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக, பஸ்ஸில் போட்ட முகக்கவசத்தைக் கழற்றாமல் நின்று என்னைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மருந்து வாங்க வருகிற எல்லோரின் தலைக்கு மேலும், எதிரில் இருக்கிற செருப்புக் கடையையோ அதற்கும் அப்பால் எதையோ பார்க்கிறாள். அவள் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. காலையில் ஷட்டர் திறக்கும்போது இருக்கிறாள், மூடும்போதும் இருக்கிறாள், நான் சென்னையில் தூங்கும்போது அவள் இங்கே விழித்திருக்கிறாள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக வா என்றுதான் சரளா அக்கா சொல்லியிருக்கிறார். கூட்டம் இருக்கும்போது முன்னால் வராதே, படத்தில் இருக்கிறவள் வெளியே நின்று மருந்து வாங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் பக்கவாட்டுக் கதவின் முன்னால் இன்றைக்கு குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், நான் போக முடியாது. அதனால் வரிசையில் நிற்கிறேன். அப்பாவின் பையை வாங்க வேண்டும், வாங்கியதும் போய்விடலாம். சனிக்கிழமை சாயங்காலம், திண்டிவனத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் கைக்கு வருகிற நேரம், அதனால் கூட்டம். முன்னெல்லாம் சீட்டை நீட்டினால் நீட்டினதுதான், உள்ளே இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது ஒவ்வொருவரும் முதலில் எவ்வளவு ஆகும் என்கிறார்கள், சொன்னதும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார்கள், அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுக்குள் என்னவோ நடக்கிறது, பிறகு எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறார்கள். "சத்து மாத்திரைய எடுத்துரு." "சுகருக்கு மட்டும் குடு, பிரஷர் இருக்கட்டும்." "நாலு நாளைக்குக் கிள்ளிக் குடு." கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கிற கோதண்டம் அண்ணன் கத்தரிக்கோலால் அட்டையைக் கிள்ளுகிற சத்தம் விடாமல் கேட்கிறது. எந்த மாத்திரையை விட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று தீர்மானிக்க வேண்டிய வேலை இப்போது அவர் தலையில் விழுந்திருக்கிறது, அதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள், நான் சுவரில் இருக்கிறேன்.

எனக்கு முன்னால் நிற்கிற அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளையாக ஊறிப்போன கைகள். விரல் முட்டிகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை வைத்துத் தைத்ததுபோல் வீங்கி, விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பார்த்ததுமே என் மூளை அதன் பெயரைச் சொல்லிவிட்டது, முடக்குவாதம், எனக்கு இந்தப் பழக்கம் போகாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் கணுக்காலைக்கூடப் பார்ப்பேன். "கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவறேன் கண்ணு," என்றார், நான் கையைப் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "அண்டாவத் தூக்கினா உயிரு போவுது. எம்பேரு பூங்காவனம், அங்க பாரு, பேருல மட்டுந்தான் பூவு." நான் சிரித்தேன், முகக்கவசத்துக்குள் சிரித்தது அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு எப்ப செத்துச்சு, உனக்குத் தெரியுமா?" என்றார். எந்தப் பொண்ணு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "பெரியவரு போனது தெரியும், நானே வந்து பாத்தேன். இது யாருன்னு தெரியல. பேத்தியா இருக்கும். எப்ப வந்தாலும் பாக்கறேன், மனசு கேக்க மாட்டேங்குது. எவ்ளோ படிச்ச முகம் பாரு. எதுல போச்சோ, பாவம்." நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது செத்துப்போகவில்லை அம்மா, சென்னையில் வேலை பார்க்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்தது, அப்போ இங்கே ஏன் படம் என்பார். "தெரியலம்மா," என்றேன். "உனக்கும் அந்த வயசுதான் இருக்கும். நல்லா இரு," என்று சொல்லி, சாய்ந்த விரல்களால் என் கன்னத்துப் பக்கம் காற்றைத் தடவி, தன் நெற்றியில் சொடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை.

தெரியலம்மா. பொய் இல்லை, எனக்கே சில நாள் தெரிவதில்லை. சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பெரிய ஹால், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், கைபேசியில் மருந்து கேட்கிறவர்கள் அனுப்பும் சீட்டுப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். பச்சையை அழுத்தினால் மருந்து போகும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். டீம் லீடர் பின்னால் நடந்துகொண்டே இருப்பார், சிவப்பு அதிகமானால் நாற்காலியின் முதுகைத் தட்டுவார், "அமலி, டாக்டர் எழுதிட்டாரு, கஸ்டமர் பணம் கட்டிட்டாரு, நடுவுல நீங்க யாரு?" என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நடுவில் நான் யார். அங்கே ஒரு விரல், இங்கே ஒரு முகம். முழு ஆள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது தேடினால் பஸ்ஸில்தான் பிடிக்க முடியும். இந்த ஏற்பாட்டை நான் கேட்டு வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், நெஞ்சில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்த பிறகு தூக்க வேண்டாம் என்றார்கள், வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிற வேலை கொடுத்தார்கள், கூலி குறைந்தது. அப்புறம் மாத்திரை விலை ஏறியது. ஒரு தடவை ஏறி நிற்கவில்லை, அட்டையில் அச்சடித்த விலையின் மேல் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர். அப்பா எங்களிடம் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். கணக்குச் சரியாக வருகிறது என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்திருக்கும். தவிட்டு மூட்டைகளின் நடுவில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை நிறுத்தினீர்களா என்பதுதான். நிறுத்தவில்லை ஐயா, குறைத்தேன், என்றார் அப்பா, நல்ல பிள்ளை பதில் சொல்வதுபோல். அதற்குப் பிறகுதான் சரளா அக்கா வந்தார். சட்டப்படி கடைக்கு ஒரு படித்த ஆள் பெயர் வேண்டும், உன் மகள் சான்றிதழைக் கொடு, மாதாமாதம் உன் மருந்து அத்தனையும் என் பொறுப்பு, விலை எங்கே போனாலும் உனக்கு ஏறாது. விலை எங்கே போனாலும். அப்பா அழுதார். இப்போது தினமும் போடுகிறார், மூச்சு வாங்காமல் மாதா கோயில் படி ஏறுகிறார், வாரம் ஒரு தடவை செருப்புக் கடை ஓரமாக நின்று இந்தச் சட்டத்தை யாருக்காவது காட்டி, எம் பொண்ணு, என்கிறார். அந்தப் பொண்ணு செத்துப்போச்சு என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது, அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டிருந்தால், வேண்டாம். ஏறிய ஒவ்வொரு விலையும் என் சட்டத்தில் இன்னொரு ஆணி. சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் மட்டும் அக்கா போன் செய்வார், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போவேன். அன்றைக்குக்கூட மருந்தைத் தொட்டதில்லை.

"சொல்லும்மா," என்றார் கோதண்டம் அண்ணன். பூங்காவனம்மா சீட்டை நீட்டினார். "புதுசா எழுதியிருக்காரு. வலி மாத்திரையே முழுங்கினு இருந்தா கிட்னி போயிடும், இதப் போடுன்னாரு. எப்பிடிப் போடணும்னு கேட்டேன், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்கம்மா, மருந்துக் கடைல சொல்லுவாங்கன்னுட்டாரு." கோதண்டம் அண்ணன் சீட்டைப் பார்த்தார். நல்ல மனிதர் அவர், அதைச் சொல்ல வேண்டும், இந்தக் கூட்டத்தில் ஒருவர் மேல்கூட எரிந்து விழாதவர், படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துக் கவரின் மேல் படம் வரைந்து கொடுக்கிறவர், காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. ஊரில் அந்தக் கவருக்காகவே இந்தக் கடையைத் தேடி வருகிறார்கள். "ஏழரை மில்லி இருக்குதும்மா. விலை ஏறிப்போச்சு," என்று ஒரு தொகை சொன்னார். பூங்காவனம்மா ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அந்த ஒரு நிமிடம். "வேற கம்பெனி இல்லியாப்பா? கொறஞ்ச வெலைல?" "இரு." அவர் ஏணியில் ஏறி மேல் அடுக்கில் துழாவி இறங்கினார். "இதே மருந்துதான், ரெண்டரை மில்லி. மூணு போட்டா ஒன்னுக்குச் சமம். விலை பாதிகூட இல்ல." "மூணா?" "மூணு. காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னு, ராத்திரி ஒன்னு. சாப்ட்டுட்டுப் போடு." "அவ்ளோதானா வெலை? அப்ப கிள்ளாத, ஒரு மாசத்துக்கும் சேத்தே குடுத்துடு." அவர் கவரை எடுத்தார். பாதிச் சூரியன். முழுச் சூரியன். பிறை. அட்டை திரும்பி விழுந்தபோது மாத்திரைகள் தெரிந்தன, சின்னச் சின்ன மஞ்சள். அதன் பின்னாலேயே ஃபோலிக் ஆசிட் அட்டை ஒன்று வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இல்லை, அதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும், வீங்கின முட்டியைப் பார்த்தபோதே. மெத்தோட்ரெக்ஸேட், முடக்குவாதத்துக்குக் கொடுப்பது, கூடவே ஃபோலிக் ஆசிட்டும் எழுதுவார்கள். சீட்டு கண்ணாடி மேல் கிடந்தது, எட்டிப் பார்த்தேன், மருந்தின் பெயர், ஏழரை, அதற்கப்புறம் டாக்டரின் பேனா நூல்போல் இழுத்துக்கொண்டு போன ஒரு வார்த்தை. வாரம் ஒரு முறை.

வாரம் ஒரு முறை. தினமும் இல்லை. மூன்றையும் சேர்த்து வாரத்தில் ஒரு நாள். அவர் கணக்கில் தப்பில்லை, மூன்று ரெண்டரை ஏழரைதான், ஆனால் மூன்று என்று வாய் சொன்னதும் கை மூன்று வேளைக்குப் போய்விட்டது, எத்தனையோ வருடமாக அந்தக் கைக்கு மூன்று என்றால் சூரியன் சூரியன் பிறைதான். கவரில் கிழமை போடப் படம் கிடையாது. கோதண்டம் அண்ணனிடம் கிழமைக்குப் படம் இல்லை. எனக்கு அந்தத் தம்ளர் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று நினைப்பேன், எப்போதும் அது வந்துவிடும். கல்லூரியில் கடைசி வருடம் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனபோது பெண்கள் வார்டில் ஓரக் கட்டில், ஒரு பெண், பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் எவர்சில்வர் தம்ளரும் ஸ்பூனுமாக. ஸ்பூன் தம்ளரில் படுகிற சத்தம், கிணிங், ஒரு சொட்டு, கிணிங், இன்னொரு சொட்டு. அந்தப் பெண்ணின் வாய்க்குள் தோலே இல்லை. உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும் வெந்துபோனதுபோல் புண். தண்ணீர் என்று சொல்ல வருகிறது, நாக்கு மேலண்ணத்தைத் தொட முடியவில்லை, அதனால் சொல் பாதியில் நின்றுவிடுகிறது. இதே மாத்திரை, இதே மஞ்சள், வாரத்துக்குப் போட வேண்டியதை தினமும் போட்டவர். ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது என்று எங்களைக் கூட்டிப்போன கல்லூரி மேடம் எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னார், அவர் வீட்டுக்காரருக்குப் புரியக்கூடாது என்று. ஆனால் அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்பூனை நிறுத்தவில்லை. அடுத்த நாள் நாங்கள் போனபோது கட்டிலில் வேறு ஆள்.

ஒருவேளை நான் சீட்டைத் தப்பாகப் படித்திருக்கலாம். தலைகீழாகத்தானே பார்த்தேன். ஒருவேளை டாக்டர் இவரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பார். ஒருவேளை இந்த அம்மா வேளா வேளைக்குப் போடுகிற ஆளாக இருக்க மாட்டார், மறந்துவிடுவார், வாங்கின மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் இந்த ஊரில் எத்தனை பேர். விலையாவது கூடுதலாக இருந்திருந்தால். அந்த ஏழரையையே வாங்கியிருந்தால் நாலு நாளைக்குக் கிள்ளிக் கேட்டிருப்பார், நாலு நாளில் வாய் எரிய ஆரம்பித்ததும் நிறுத்தியிருப்பார், என்று நினைத்தேன், விலை ஏறினதால் ஒரு உயிர் பிழைத்திருக்கும் என்று ஆசைப்பட்டேன், நான், ஆரோக்கியசாமியின் மகள், அதை நினைத்தேன். மலிவாகக் கிடைத்ததால் ஒரு மாதத்துக்கும் வாங்கிவிட்டார். சந்தோஷமாக வாங்கிவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்க்க விரல் வராமல் பல்லால் கடித்து அவிழ்க்கிறார். நான் இப்போது பேசினால் என்ன ஆகும். கோதண்டம் அண்ணன் திரும்பிப் பார்ப்பார், யார் என்பார். கூட்டம் பார்க்கும். சுவரைப் பார்க்கும். யாராவது ஒருவர் கைபேசியை எடுப்பார். இங்கே படம், அங்கே வேலை, ஒரே ஆள் இரண்டு இடத்தில், பதிவையே ரத்து செய்வார்கள், பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை. அதைவிட முதலில் அந்தப் பை. கவுண்டரின் ஓரத்தில் அப்பா பெயர் எழுதின மஞ்சள் பை தெரிகிறது, வாய் கட்டித் தயாராக இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். தவிட்டு மூட்டை. நிறுத்தவில்லை ஐயா, குறைத்தேன். அப்பாவா இந்த அம்மாவா என்று மனம் தராசு தூக்கிக்கொண்டு நிற்கிறது, தூக்காதே என்கிறேன், தூக்குகிறது. அவள் ஏன் பேச மாட்டேன் என்கிறாள், சுவரில் இருக்கிறவள், அவள் பொறுப்பில்தானே இந்தக் கடை, அவள் கண்ணுக்கு முன்னால்தானே அந்தக் கவரில் பிறை வரைந்தார்கள். பொட்டு வைத்துக்கொண்டு செருப்புக் கடையைப் பார்க்கிறாள்.

"அண்ணா," என்றேன். என் குரல் முகக்கவசத்திலேயே நின்றுவிட்டது. "வரிசையா வருவோம்மா," என்றார் அவர் நிமிராமல். ஆனால் கல்லாவில் இருந்த சரளா அக்காவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து, பையை எடுத்து, கண்ணாடிக்கு மேலாகக் குனிந்து என் கையில் திணித்தார். "ஏன்டி முன்னால வந்த? கெளம்பு." "அக்கா, அந்தம்மா மருந்து..." "எதுவா இருந்தாலும் கூட்டம் போனப்பறம் போன் பண்ணு. அப்பா நல்லா இருக்காரில்ல? போ." நல்லா இருக்காரில்ல. அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். கூட்டம் போன பிறகு பூங்காவனம் என்கிற பெயரை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் எங்கே தேடுவது. பையின் பிளாஸ்டிக் என் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியது. அந்த அம்மா படியில் இறங்கிவிட்டார். கவரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நிற்கிறார். நான் போய் அவர் முழங்கையைத் தொட்டேன். "அம்மா, அந்த மஞ்சள் மாத்திரைய தினமும் போடாதீங்க. வாரத்துல ஒரே ஒரு நாள். அன்னைக்கு மூணையும் சேத்துப் போடணும். மத்த நாள் தொடவே கூடாது." மெதுவாகத்தான் சொன்னேன், ரகசியமாக, இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கவரை எடுத்தார். சூரியனைப் பார்த்தார், பிறையைப் பார்த்தார். "வாரத்துக்கா? இங்க மூணு வேளை போட்டிருக்குதே." "அது தப்பும்மா." அவ்வளவுதான், அவர் திரும்பினார், அண்டாக்களுக்கு நடுவில் பேசிப் பழகின தொண்டை, ரோட்டுக்கே கேட்டது. "ஏம்பா கோதண்டம்! இந்தப் பொண்ணு வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணுங்குது. நீ மூணு வேளங்கற. எது நெசம்?"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். "யாரும்மா அது, எங்கடைல வந்து வைத்தியம் பாக்கறது?" என்றார் கோதண்டம் அண்ணன், கோபமாக இல்லை, கேலியாக. வரிசையில் யாரோ, "செல்போன்ல பாத்திருக்கும், இப்ப எல்லாம் டாக்டர்தான்," என்றார், சிரித்தார்கள். பூங்காவனம்மா சிரிக்கவில்லை. கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவரு எத்தினியோ வருசமா குடுக்கறாரு கண்ணு. நீ யாரு சொல்றதுக்கு?" நடுவில் நீங்கள் யார். இந்தத் தடவை கேட்டவர் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், பதில் தெரிந்தால்தான் அவரால் வீட்டுக்குப் போக முடியும். முகக்கவசத்தின் ஒரு பக்கக் கயிறு கம்மலில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். "அந்தப் படத்துல இருக்கறது நான்தாம்மா," என்றேன். அவர் உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். அவர் வாய் திறந்தது, மூடவில்லை. "சாவலியா நீ?" நான் படியேறினேன். கவரை வாங்கிக் கண்ணாடி மேல் வைத்தேன். "அண்ணா, சீட்ட இன்னொரு தடவ பாருங்க. மருந்து பேருக்கு அப்பறம் இருக்கற வார்த்தை." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்த்தேன், அதை ஏன் பார்த்தேன் என்று இருந்தது. கவரைக் கிழித்தார், ஒரு தடவை, பிறகு துண்டுகளைச் சேர்த்து இன்னொரு தடவை. "வாரத்துக்குத்தாம்மா," என்றார் பூங்காவனம்மாவிடம், குரல் கம்மி. "இது சொல்றதுதான் சரி."

பின்னாலிருந்து ஒரு கை என் தோளுக்கு மேலாக நீண்டது, அதில் ஒரு சீட்டு, "அப்ப இதையும் ஒரு தடவ பாத்துடும்மா." இன்னொரு கை, அதில் பெயர் இல்லாமல் கிள்ளின ஒரு துண்டு அட்டை. வரிசை குலைந்து என் பக்கம் சாய்ந்தது. சரளா அக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், மாமனாரின் மாலையை ஒதுக்கிவிட்டு என் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார். இறங்கி அதைப் பிரிட்ஜின் மேல் குப்புற வைத்தார். அது கீழே போனதும் எனக்கு முதுகிலிருந்து ஏதோ இறங்கினதுபோலவும் இருந்தது, விழுந்ததுபோலவும் இருந்தது. "பைய வெச்சுட்டுப் போ அமலி," என்றார் மெதுவாக. வைத்தேன். அப்பா பெயர் எனக்கு நேராகத் தெரிந்தது, அதைத் திருப்பி வைத்தேன். நாளைக்குக் காலை மாத்திரை வீட்டில் இருக்கிறதா, அதற்கு அடுத்த நாளைக்கு இருக்கிறதா என்று மனம் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். ஊறின தோல், வளையாத விரல்கள். "எந்தக் கெழமைன்னு சொல்லு கண்ணு. நான் மறந்துடுவேன்." "நாளைக்கு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் போடுங்க. மூணு. அன்னைக்கு மட்டும்." "ஞாயித்துக்கெழமை. மண்டபத்துல வேலை ஜாஸ்தி இருக்கும், மறந்துட்டேன்னா? திங்கக்கெழமை போடலாமா கூடாதா? வாயி கீயி எரிஞ்சா என்ன பண்றது? அப்ப யாரக் கேக்கறது?" கேட்டுக்கொண்டே பழக்கத்தில் அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே சட்டம் இருந்த இடம் மட்டும் பழைய பச்சைப் பெயின்டாக, நாலு மூலையாக, சுத்தமாகத் தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, என் கையை விடாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.